சாவி வைத்த நாயனம்

புதுச்சேரியில் பிறந்து வளர்ந்த பையன்களுக்குச் சங்கீதம் இரண்டு வகை. கோயில் வாசலில் கேட்பது ஒன்று. கடற்கரையில் கேட்பது மற்றொன்று. முதலாவது நாயனம், இரண்டாவது பேண்டு. மணக்குள விநாயகர் கோயிலிலிருந்து புறப்பட்டால் கையிலிருக்கும் சுண்டல் தீருவதற்குள் கடற்கரைக்குப் போய்விடலாம். அவ்வளவு கிட்டத்தில் இருந்தும் இந்த இரண்டு சங்கீதங்களும் ஒன்றை ஒன்று முகம் பார்த்துப் பேசிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

நான் பையனாக இருந்த நாளில் ஊரில் கொடி மாறிவிட்டது. 1954 நவம்பர் முதல் தேதி பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிற்று. சட்டப்படி எல்லாம் முடிந்து கையெழுத்து அமலுக்கு வர 1962 ஆகஸ்டு வரை ஆயிற்று. கொடி மாறினாலும் போலீஸ்காரர்களின் சிவப்புத் தொப்பி மாறவில்லை, பேண்டும் மாறவில்லை. அந்த பேண்டில் எனக்குப் பிடித்த வாத்தியம் ஒன்று உண்டு. பார்ப்பதற்குப் பெரிய ஹூக்கா மாதிரி வளைந்திருக்கும். உடம்பு முழுவதும் மூடியும் கம்பியும் பொத்தானுமாக, பழைய கடிகாரத்தைத் திறந்து வைத்தாற்போல் இருக்கும். அதிலிருந்து வரும் சத்தம் மட்டும் மற்றப் பித்தளைச் சாமான்களைப் போல் அதட்டாது. யாரோ ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பிப்பது போலிருக்கும்.

"அது என்ன பெரியப்பா?" என்று கேட்டேன். என் பெரியப்பா சொல்தா. அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து சைகோன் வரை போய்வந்து பென்ஷன் வாங்கினவர். "சக்ஸோஃபோன். பாரிஸ் சாமான்" என்றார், அதைத் தாமே செய்து இறக்குமதி செய்தவர் போல.

அவர் சொன்னது பாதி சரி. அந்த வாத்தியத்தைப் படைத்த அடோல்ஃப் சாக்ஸ் பிரெஞ்சுக்காரர் அல்லர். பெல்ஜியத்தில் தினான் என்ற ஊரில் 1814-ல் பிறந்தவர். குழந்தைப் பருவத்தில் அவரைப் போல் சாவின் வாசல் வரை போய்த் திரும்பியவர் அதிகம் பேர் இருக்க முடியாது. மாடியிலிருந்து விழுந்தார், ஊசியை விழுங்கினார், பால் என்று நினைத்து அமிலம் கலந்த தண்ணீரைக் குடித்தார், ஆற்றில் மிதந்தார். "இது பிழைக்கப் பிறந்த பிள்ளை இல்லை" என்று பெற்ற தாயே கை விட்டுவிட்டாளாம். பிழைத்தார். பாரிசுக்கு வந்து பட்டறை வைத்து, 1846-ல் தம் பெயரையே சூட்டி இந்த வாத்தியத்துக்கு உரிமை வாங்கினார். ராணுவ பேண்டில் மரக்குழல்களின் குரல் வெளியில் எடுபடுவதில்லை. பித்தளைகளோ மற்றவர்களைப் பேச விடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம் வேண்டுமென்று அவர் நினைத்ததன் பலன்தான் சாக்ஸபோன். உடம்பு பித்தளை, வாயில் மட்டும் ஒரு நாணல் சீவல். பிரெஞ்சு ராணுவம் அதை எடுத்துக்கொண்டது. போட்டிக்காரர்கள் வழக்கு மேல் வழக்குப் போட்டார்கள். மூன்று முறை திவாலாகி, 1894-ல் ஏழையாகவே செத்தார் சாக்ஸ். அவர் வாத்தியம் மட்டும் பிரெஞ்சுக் கொடி போன இடமெல்லாம் போயிற்று. பிறகு அமெரிக்காவுக்குப் போய், நீக்ரோ மக்களின் கையில் ஜாஸ் சங்கீதத்தின் குரலாகவே ஆகிவிட்டது.

எங்கள் ஊருக்கும் வந்தது. வந்து, பேண்டிலேயே நின்றுவிட்டது. எனக்கு வெகு நாள் வரை புரியாத விஷயம் இதுதான்.

ஏனென்றால் சென்னையில் நடந்த கதை வேறு. பிடில் அங்கே கோட்டையில் வெள்ளைக்காரர் பேண்டில் இருந்த வாத்தியந்தான். முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் (1786–1858) அதைக் கேட்டார், கற்றுக்கொண்டார், மடியில் சாய்த்து நம் ராகத்தை வாசித்தார். இன்று பிடில் இல்லாமல் கச்சேரி இல்லை. அது அந்நிய வாத்தியம் என்று சொன்னால் பக்கத்து நாற்காலிக்காரர் சண்டைக்கு வருவார். கிளாரினெட்டும் அப்படித்தான். சின்ன மேளத்தில் சதிருக்கு ஒத்தாசையாக நுழைந்து, கடைசியில் ஏ. கே. சி. நடராஜனின் கையில் தனிக் கச்சேரி வாத்தியமாயிற்று. அவருக்கு 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று பட்டம் கொடுத்தவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. நாயனச் சக்கரவர்த்தியே கிளாரினெட்டை அங்கீகரித்தார் என்று அர்த்தம்.

அப்படியிருக்க, நூறு வருஷத்துக்கு மேல் எங்கள் கடற்கரையில் ஊதிக்கொண்டிருந்த பேண்டிலிருந்து ஒரு வாத்தியமும் கோயில் தெருவுக்கு இறங்கி வரவில்லையே, ஏன்? என் அபிப்பிராயம், இரண்டையும் ஒரே காதால் கேட்ட ஆள் எங்கள் ஊரில் இல்லை என்பதுதான். பேண்டில் ஊதியவர் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து ஊதினார், சம்பளம் வாங்கினார். நாயனக்காரர் பட்டாளத்து வாசலை மிதித்தவர் அல்லர். அவருக்கு இவருடைய ராகம் தெரியாது; இவருக்கு அவருடைய சாவிகள் தெரியா.

இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்த இடம் மைசூர் அரண்மனை. அங்கே மகாராஜாவுக்கு ஐரோப்பிய பேண்டும் உண்டு, கர்நாடக பேண்டும் உண்டு. கர்நாடக பேண்டில் மேல்நாட்டு வாத்தியங்களை வைத்துக்கொண்டு கீர்த்தனைகளை வாசித்தார்கள். கடைசி மகாராஜா ஜயசாமராஜ உடையார் தாமே கீர்த்தனைகள் இயற்றியவர். அதே மனிதர்தான் மெட்னர் என்ற ருஷ்ய இசைமேதையின் படைப்புகளைத் தம் பணத்தில் லண்டனில் இசைத்தட்டாக்க ஏற்பாடு செய்தார். அப்பேர்ப்பட்ட வீட்டில் சாக்ஸபோன் ராகம் பேச முயன்றதில் ஆச்சரியம் இல்லை.

அந்த அரண்மனைக்கு ஒரு நாள் மங்களூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் போனான். போன இடத்தில் அந்த வாத்தியத்தைக் கேட்டான்.

கோபால்நாத் 1949-ல் தென் கன்னட ஜில்லாவில், பண்ட்வால் தாலூகாவைச் சேர்ந்த ஸஜிபா என்ற ஊரில் பிறந்தவர். பின்னால் மங்களூரின் ஒரு பகுதியான கத்ரியின் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. தகப்பனார் தனியப்பா நாகஸ்வர வித்வான். பையன் முதலில் கற்றதும் அதுவே. ஆகவே மைசூரில் சாக்ஸபோனைக் கேட்டபோது அவன் காதில் விழுந்தது மேல்நாட்டு வாத்தியம் அல்ல என்றுதான் நினைக்கிறேன். வேறு வேஷத்தில் வந்த நாயனம் அது. நானும் ஏறக்குறைய அதே வயதில் அதே வாத்தியத்தைக் கேட்டேன். எனக்கு ஹூக்காதான் ஞாபகம் வந்தது. ஆளுக்கு ஆள் அவ்வளவு வித்தியாசம்.

அவர் காது அவரை ஏமாற்றவும் இல்லை. இரண்டு வாத்தியங்களின் உடம்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். நாயனம் ஆச்சா மரத்தில் கடைந்தது. வாய்ப்பக்கம் குறுகி, அணசுப் பக்கம் போகப் போக அகன்றுகொண்டே வருவது. சாக்ஸபோனும் உள்ளே அப்படித்தான் கூம்பாக விரிகிறது. கூம்புக் குழாய்க்கு ஒரு குணம் உண்டு. மூச்சை அழுத்தி ஊதினால் சுரம் சரியாக ஒரு ஸ்தாயி மேலே தாவும். கீழே ஸட்ஜமம் எந்த விரலோ மேலேயும் அதே விரல்தான். கிளாரினெட் நேர்க்குழாய். அங்கே அழுத்தி ஊதினால் ஸட்ஜமத்திலிருந்து மேல் ஸ்தாயிப் பஞ்சமத்துக்குத் தாவிவிடும். விரல்களுக்கு வேறு கணக்குப் படிக்க வேண்டும். ஆகவே நாயனக்காரனுக்கு உறவு என்று பார்த்தால், நிறத்திலும் உருவத்திலும் தன்னைப் போல் இருக்கும் கிளாரினெட்டைவிட, பார்வைக்கு ஒட்டாத இந்தப் பித்தளை ஆசாமிதான் நெருங்கிய பங்காளி. நாயனத்தின் சீவாளி காவிரிக் கரை நாணலில் செய்வது. சாக்ஸபோனின் சீவல் தெற்குப் பிரான்ஸில் விளையும் நாணலில் செய்வது. நாயனத்தில் இரண்டு நாக்கு. இதில் ஒரு நாக்கு.

உறவு இருந்தும் ஒரு பெரிய இடைஞ்சல் இருந்தது. நாயனத்தில் விரல் நேரே துளையின்மேல் இருக்கிறது. பாதி மூடலாம், கால்வாசி திறக்கலாம், வழுக்கிக்கொண்டு போகலாம். கமகம் என்பதே விரலுக்கும் மூச்சுக்கும் நடுவே நடக்கிற ரகசியப் பேச்சு. சாக்ஸபோனில் துளைகள் பெரியவை. விரல் எட்டாது, எட்டினாலும் மூடாது. ஆகவே ஒவ்வொரு துளைக்கும் ஒரு மூடி. மூடிக்கு ஒரு சாவி. மூடி என்றால் மூடும், அல்லது திறக்கும். 'கொஞ்சம் திற' என்ற பேச்சு அதனிடம் செல்லாது. தோடியின் காந்தாரத்தை இப்படிப்பட்ட யந்திரத்தினிடம் கேட்பது, தந்தியடிக்கிற கட்டையை எடுத்துத் தாலாட்டுப் பாடு என்பது போலத்தான்.

கோபால்நாத் அந்த வேலையை விரல்களிடமிருந்து பிடுங்கி உதட்டுக்கும் தாடைக்கும் கொடுத்தார். சீவலின்மேல் உதட்டின் அழுத்தம் நூலளவு கூடினால் சுரம் ஏறும், தளர்ந்தால் இறங்கும். விரல் ஒரு சுரத்தில் நிற்க, வாய் அதை அசைத்துக்கொடுக்க வேண்டும். சாவிகளிலும் தமக்கு வேண்டியபடி சில மாறுதல்கள் செய்துகொண்டார். மங்களூர்க் கலாநிகேதனத்தில் கோபாலகிருஷ்ண ஐயரிடம் கற்றார். பிறகு சென்னைக்கு வந்து டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் சிக்ஷை. டி. வி. ஜி. மிருதங்க வித்வான்; வாய்ப்பாட்டுக்காரர்; வடக்கத்திச் சங்கீதமும் மேல்நாட்டுச் சங்கீதமும் அவருக்கு அந்நியம் அல்ல. வாத்தியத்தை வாத்தியமாகக் கற்பிக்காமல் பாட்டாகக் கற்பிக்கக்கூடிய குரு கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம். எல்லாம் சேர்ந்து வாத்தியம் வசப்பட ஏறக்குறைய இருபது வருஷம் ஆயிற்று என்று கணக்குச் சொல்வார்கள். இருபது வருஷம் ஒருவர் வீட்டில் இந்த வாத்தியத்தைப் பழகுவதென்றால், அக்கம்பக்கத்தாருக்கும் அந்தப் பெருமையில் பங்கு உண்டு.

1980-ல் பம்பாயில் 'ஜாஸ் யாத்ரா' என்ற விழா. ஜான் ஹாண்டி என்ற அமெரிக்க சாக்ஸபோன்காரர் வந்திருந்தார். அவர் முன்னமே சரோத் மேதை அலி அக்பர் கானோடு சேர்ந்து வாசித்து இசைத்தட்டு வெளியிட்டவர். நம் ராகம் என்றால் என்னவென்று தெரிந்தவர். கோபால்நாத் வாசித்ததைக் கேட்டுவிட்டு, தாமும் கூட வாசிக்கலாமா என்று கேட்டு மேடை ஏறினார். அன்று முதல் கோபால்நாத்தின் பெயர் கடல் கடந்தது. பெர்லின், பிராக் ஜாஸ் விழாக்களுக்கு அழைத்தார்கள். சாக்ஸ் பட்டறை வைத்திருந்த பாரிசிலும் போய் வாசித்தார். 1994-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் பி.பி.சி. நடத்தும் 'ப்ராம்ஸ்' விழாவில் வாசித்த முதல் கர்நாடக இசைக் கலைஞர் என்ற பெயரும் அவருக்கு வந்தது.

அவருடைய கீர்த்தியைக் கடல் கடத்திய ஜாஸ் அவருடைய சங்கீதத்துக்குள் எவ்வளவு நுழைந்தது என்று கேட்டால், அநேகமாக ஒன்றும் இல்லை என்றுதான் நான் சொல்லுவேன். இங்கே ஒரு ஜப்பானியரை ஒப்பிட்டுப் பார்ப்பது சுவாரஸ்யமாக இருக்கும். சதாவோ வத்தனபே 1933-ல் பிறந்தவர். அவருடைய தகப்பனாரும் பழைய மரபுச் சங்கீதக்காரர். பீவா என்ற ஜப்பானிய யாழை மீட்டிப் பாடுவார். மகன் சாக்ஸபோனை எடுத்துக்கொண்டு ஜாஸுக்குப் போனார். 1962-ல் அமெரிக்காவில் பெர்க்லி இசைப்பள்ளியில் சேர்ந்து படித்தார். ஊர் திரும்பியபின் பிரேஸில் நாட்டு போஸா நோவாவை ஜப்பானியருக்குப் பழக்கினார். ஆப்பிரிக்கத் தாளங்களையும் சேர்த்துக்கொண்டார். தகப்பன் வீட்டை விட்டுப் புறப்பட்டு உலகத்தைச் சுற்றியவர் அவர். நம்மவரோ அதே வாத்தியத்தோடு தகப்பன் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்கவில்லை. உலகம்தான் வந்து திண்ணையில் உட்கார்ந்தது. ஹாண்டியோடு வாசித்தபோதும் சரி, பிறகு மற்ற ஜாஸ் வித்வான்களோடு வாசித்தபோதும் சரி, அவர் வாசித்தது ராகம். கூட இருந்தவர்கள்தாம் எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்தார்கள். எல்லை கடந்தவர் என்று அவரைப் புகழ்ந்து எழுதியவர்கள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அப்படி வந்தவர்களில் ஒருவர் கதை வேடிக்கையானது. ருத்ரேஷ் மகந்தப்பா கன்னடப் பெற்றோருக்குப் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த சாக்ஸபோன்காரர், ஜாஸ் வாசிப்பவர். அவர் பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் ஓர் இசைத்தட்டைப் பரிகாசமாகப் பரிசு கொடுத்தார். இந்தியப் பாணியில் சாக்ஸபோன் என்று தலைப்பு. இந்தியனாய்ப் பிறந்து சாக்ஸபோன் ஊதுகிறாயே, இதோ உனக்கொரு துணை என்பது கேலி. போட்டுக் கேட்டவருக்குக் கேலி மறந்து போயிற்று. வாசித்தவர் கோபால்நாத். பிற்காலத்தில் அவரைத் தேடி வந்து, சேர்ந்து வாசித்து, 2008-ல் 'கின்ஸ்மென்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். உறவினர் என்று அர்த்தம்.

நான் கோபால்நாத்தை நேரில் கேட்டது சென்னையில் ஒரு மார்கழி மாதத்தில். பட்டு ஜிப்பா, நெற்றியில் பெரிய குங்குமம், கழுத்திலும் விரலிலும் தங்கம். சப்பணமிட்டு உட்கார்ந்து அந்தப் பித்தளைக் குழாயை மடியோடு அணைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிடில் கன்யாகுமரி. பல வருஷங்கள் கூட வாசித்ததனால் அவர் இவர் மூச்சு எங்கே முடியும் என்று தெரிந்து வைத்திருந்தார். தோடி எடுத்தார். முதல் இரண்டு நிமிஷம் நான் சாவிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பார்க்க மறந்துவிட்டேன். காந்தாரத்தில் வந்து நின்று அசைத்தபோது, வில்லியனூர்த் தேர்த்திருவிழாவில் இரவு இரண்டு மணிக்குத் தீவட்டி வெளிச்சத்தில் கேட்ட நாயனம் நினைவுக்கு வந்தது. அதே நீளமான மூச்சு. ஊரையே கூப்பிடுகிற அதே சத்தம்.

எனக்குப் பின்னால் இருந்த பெரியவர் பக்கத்து ஆளிடம், "கண்ணை மூடிண்டு கேட்டா நாயனம், கண்ணைத் திறந்தா பேண்டு" என்றார். அவர் குறையாகத்தான் சொன்னார். ஆனால் கோபால்நாத்தைப் பற்றி அவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் விஷயத்தைச் சொல்லிவிடவில்லை.

ஏனென்றால் நம் சபைகளுக்கும் நாயனத்துக்கும் உள்ள உறவு ஒரு மாதிரியானது. மங்கல வாத்தியம் என்று தலையில் தூக்கி வைப்போம். விழாவை அது தொடங்கிவைக்க வேண்டும். தொடங்கிவைத்தபின் அது போய்விட வேண்டும். நாயனக்காரர் வாசலில் நிற்பார், நடப்பார், சட்டை போடக்கூடாது என்று இருந்த காலமும் உண்டு. ராஜரத்தினம் பிள்ளை மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்றார்; ஷெர்வானி போட்டுக்கொண்டார்; கச்சேரிக்கு ஏற்றதாக நீளமான பாரி நாயனத்தைக் கொண்டுவந்தார். அவரை யாரும் தடுக்க முடியவில்லை. அவர் காலத்துக்குப் பிறகு சபைகளில் நாயனம் பழையபடி தொடக்க நாள் வாத்தியமாகப் போயிற்று. சப்தம் அதிகம், மண்டபத்துக்குள் காது அடைக்கிறது என்று காரணம் சொல்வார்கள். காரணத்தில் உண்மை இல்லாமலும் இல்லை.

தனியப்பாவின் மகன் அதே மூச்சை, அதே பிடிகளை, ஒரு பித்தளைக் குழாயில் போட்டு எடுத்துவந்தார். பிடிலும் மிருதங்கமும் மோர்சிங்கும் பக்கத்தில் உட்கார, முழுக் கச்சேரி வாசித்தார். ஒலிபெருக்கியின் முன்னால் அந்தக் குழாய் எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் பேசும். புதுமை என்று கூட்டம் வந்தது. வாசலில் நிற்கவைத்த வாத்தியம் வேறு பெயரில், வேறு உடையில், நடு மேடையில் உட்கார்ந்திருந்தது. ஜனங்கள் அதை அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி என்று நினைத்துக்கொண்டார்கள். அவர் கடந்த எல்லை ஜாஸுக்கும் கர்நாடக சங்கீதத்துக்கும் நடுவில் இருப்பதன்று. வாசலுக்கும் மேடைக்கும் நடுவில் இருப்பது. பெர்லின் அதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது.

முழுவதும் கடந்தாரா? பத்மஸ்ரீ 2004-ல் கிடைத்தது. மத்திய சங்கீத நாடக அகாதமியின் பரிசும் தமிழ்நாட்டின் கலைமாமணியும் கிடைத்தன. மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி கிடைக்கவில்லை. அது குருவுக்குக் கிடைத்தது. கிளாரினெட் நடராஜனுக்கு 2008-ல் கிடைத்தது. பக்கத்தில் பிடில் வாசித்த கன்யாகுமரிக்கு 2016-ல் கிடைத்தது. 2019 அக்டோபர் 11-ல் மங்களூரில் கோபால்நாத் காலமானார். பட்டத்தை வைத்துச் சங்கீதத்தை அளக்கக்கூடாது என்பது சரி. ஆனால் பட்டம் கொடுப்பவர்களை அளக்கலாம்.

நியாயமாக மறு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அவருடைய வேகம் சில சமயம் அவரையே மிஞ்சிவிடும். ஸ்வரங்கள் மத்தாப்புப் போல் பொரியும், கை தட்டுவார்கள், தட்டத் தட்ட இன்னும் வேகம். விளம்பத்தில் அவரால் எதைச் செய்ய முடியும் என்று கேட்டவர்களுக்கு இது வருத்தமாக இருக்கும். சினிமாவும் இதற்கு ஒரு காரணம். 1994-ல் கே. பாலசந்தர் 'டூயட்' என்று ஒரு படம் எடுத்தார். பிரபு அதில் சாக்ஸபோன்காரராக வருவார், வாசித்தது இவர். சங்கீதம் ஏ. ஆர். ரஹ்மான். ராகம் ராகமாக வாசித்துக் காட்டி, ஒன்றும் பிடிக்காமல், கடைசியில் கல்யாண வசந்தத்தைப் பிடித்தவுடன் இதுதான் என்று ரஹ்மானுக்குத் திருப்தியாயிற்றாம். தமிழ்நாட்டில் அதுவரை சாக்ஸபோன் என்றால் காபரே நடனம் என்று நினைத்திருந்த வீடுகளில்கூட அந்த வாசிப்புக் கேட்டது. அது முதல் தோடி முடிந்ததோ இல்லையோ, "டூயட்!" என்று பின் வரிசையிலிருந்து சீட்டு வந்துவிடும். வந்த சீட்டைத் திருப்பி அனுப்பும் கல்நெஞ்சம் அவருக்கு இல்லை.

இன்னொரு மறு பக்கமும் உண்டு. இதை எனக்குச் சொன்னவர் ஒரு நாயனக்காரர்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் ஊரில் ஒரு கல்யாணம். காலையில் முகூர்த்தத்துக்கு நாயனம். வாசித்தவர் வில்லியனூர்ப் பக்கத்துக்காரர், எழுபதை நெருங்கியவர், பரம்பரை. மாலையில் வரவேற்புக்கு ஒரு இளைஞன் சாக்ஸபோனோடு வந்திருந்தான். கூடத் தவிலும் உண்டு. பெரியவர் சம்பாவனை வாங்குவதற்காகக் காத்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"காலையில பிலஹரி நல்லா இருந்துதுங்க" என்றேன்.

"நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க ஐயா. மத்தவங்க இட்லி கேட்டாங்க."

கோபால்நாத்தைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்டேன். உடனே பதில் சொல்லவில்லை. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார்.

"அவரு நம்ம பிள்ளைங்க ஐயா. அவங்க அப்பாரு நாயனம். கேட்டாலே தெரியும், அந்த ஊதல் பள்ளிக்கூடத்துல வராது. நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு. எங்க வாசிப்பை அதுல போட்டாரு, மேடை கிடைச்சுது. சரி. இப்ப மேடையில மட்டும் இல்லீங்களே, கல்யாணத்துலயும் அதான் கேக்குறாங்க. காலையில தாலி கட்டறப்ப மட்டும் நாங்க, மிச்சத்துக்கு அது. எம் பேரனே கேக்குறான், தாத்தா அதை வாங்கிக் குடுன்னு. அதுக்கு முப்பதாயிரம் ஆவுமாம்."

"வாங்கிக் கொடுத்தீங்களா?"

"இன்னும் இல்ல" என்றார். 'இல்லை' என்று முடிக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

எனக்குச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. மங்களூர்ப் பக்கத்தில் கோயில்களிலும் கல்யாணங்களிலும் சாக்ஸபோன் நாயனத்தின் இடத்தில் வெகு நாளாகவே உட்கார்ந்திருக்கிறது. கோபால்நாத்திடம் கற்றவர்களில் பெண்களும் உண்டு. நாயனத்தின் மூச்சு ஒரு புது உடம்பில் பிழைத்துக்கொண்டது என்று ஒருவர் சொல்லலாம். பழைய உடம்பை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று மற்றொருவர் சொல்லலாம். இரண்டு பேரும் அந்தப் பெரியவர் எதிரில் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

மேடையில் அந்தப் பையன் 'டூயட்' படத்துக் கல்யாண வசந்தத்தை ஆரம்பித்தான். பெண்ணும் மாப்பிள்ளையும் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்கள்; யாரும் கேட்கவில்லை. பெரியவர் மட்டும் கேட்டார். அவருடைய வலக்கை விரல்கள் தொடையின்மேல் இருந்தன. துளை இல்லாத இடத்தில் துளைகளை மூடித் திறந்துகொண்டிருந்தன.

"தைவதத்துல அசைவு பத்தல" என்றார். "உதட்டைக் கொஞ்சம் தளத்தணும்."

சம்பாவனைக் கவர் வந்தது. பிரித்துப் பார்க்காமல் மடியில் செருகிக்கொண்டு, நாயனப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். வில்லியனூருக்குக் கடைசி பஸ்ஸுக்கு நேரமிருந்தது. வாசல் பக்கம் போகாமல் மேடைப் பக்கம் போனார். அந்தப் பையன் வாசித்து முடிக்கும் வரை கீழே நின்றுகொண்டிருந்தார்.